கம்ப்யூட்டரும் கரண்டும்: கேள்வி பதில்

கேள்வி: புது டெஸ்க்டாப் வாங்கியிருக்கேன் சார். யுபிஎஸ் மட்டும் போதுமா, சர்ஜ் புரொடெக்டரும் வேணுமா?

பதில்: இரண்டுக்கும் வேலை வேறு. சர்ஜ் என்பது மைக்ரோ செகண்டுகளில் ஏறி இறங்கிவிடும் உயர் வோல்டேஜ். அதைப் பிடிக்க எம்ஓவி என்று ஒரு சின்ன வில்லை இருக்கிறது, துத்தநாக ஆக்சைடில் செய்தது. சாதாரண வோல்டேஜில் கரண்டை விடாது. எல்லை மீறினால் வழி திறந்து, அதிகப்படியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தள்ளிவிடும். யுபிஎஸ்ஸின் முதல் வேலை, கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட்டுவது. பெரும்பாலான யுபிஎஸ்ஸில் எம்ஓவியும் இருக்கும். அதனால் நல்ல யுபிஎஸ் ஒன்று போதும். ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும், சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லையென்றால் எம்ஓவிக்குப் பாதி வழி அடைபட்டுவிட்டது.

கேள்வி: ஸ்பைக் பஸ்டர்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஜூல் கணக்கு எதுவும் அதுல போடலை.

பதில்: ஜூல் என்பது எம்ஓவி எவ்வளவு சர்ஜ் ஆற்றலைத் தாங்கும் என்பதன் அளவு. அது போடாததை வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகவே நினைத்துக்கொள்ளுங்கள். நிஜமான சர்ஜ் புரொடெக்டரிலும் ஒவ்வொரு அடிக்கும் எம்ஓவி கொஞ்சம் தேயும். தேய்ந்து முடிந்த பிறகும் பிளக்கில் கரண்ட் வரும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. 'புரொடெக்டட்' விளக்கு அணைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 600 விஏ யுபிஎஸ் இருக்கு. கேம் ஆடும்போது கரண்ட் போனா யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைஞ்சிடுது. பேட்டரி புதுசுதான்.

பதில்: விஏ வேறு, வாட் வேறு. விஏ என்பது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கிய கணக்கு, வாட் என்பது நிஜமாகச் செலவாகும் மின்சாரம். 600 விஏ என்று போட்ட பெட்டி பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் தாங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டர் அதைச் சுலபமாகத் தாண்டும். லைன் கரண்டில் ஓடும்போது தெரியாது, பேட்டரிக்கு மாறியதும் ஓவர்லோடில் நின்றுவிடும்.

வாட் சரியாக இருந்தும் மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆனால் வேறு இரண்டைப் பாருங்கள். சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செகண்ட் எடுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) முழு லோடிலும் சுமார் 16 மில்லி செகண்ட் தன் கெப்பாசிட்டரிலேயே தாக்குப்பிடிக்கும். கெப்பாசிட்டர் பழசாகிவிட்டால் அந்த இடைவெளியைத் தாண்டாது. இன்னொன்று, ஆக்டிவ் பிஎஃப்சி (லைன் அலையின் வடிவத்துக்கேற்பக் கரண்டை இழுக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு, யுபிஎஸ் பேட்டரியிலிருந்து தரும் படிக்கட்டு வடிவ அலை ஒத்துக்கொள்ளாது. அப்போது லைன் கரண்டைப் போலவே வழவழப்பான அலை தரும் ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ்தான் தீர்வு.

கேள்வி: அப்போ எவ்வளவு நேரம் ஓடும்?

பதில்: சின்ன யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி ஒன்று இருக்கும். காகிதத்தில் 84 வாட் ஹவர். வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி அதையும் முழுசாகத் தராது. ஃபைலை சேவ் செய்து, ஒழுங்காக ஷட்டவுன் செய்யத்தான் அந்த நிமிடங்கள்.

கேள்வி: லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ல போடலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் இழுக்கும் இழுப்பில் யுபிஎஸ் படுத்துவிடும்.

கேள்வி: ஃப்ரிட்ஜுக்கு எந்த ஸ்டெபிலைசர் நல்லது?

பதில்: மோட்டார் சமாச்சாரம் என் துறை இல்லை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: எர்த் எர்த்னு சொல்றீங்க. மின்னலே எர்த் வழியாத்தானே மேல ஏறுது? நான் எர்த் பின்னையே எடுத்துட்டேன். பல வருஷமா ஒண்ணும் ஆகலை.

பதில்: தயவுசெய்து இன்றே அந்த பிளக்கை மாற்றுங்கள். எர்த் இருப்பது முதலில் உங்கள் உயிருக்காக, அப்புறம்தான் கம்ப்யூட்டருக்காக. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உரசி கேபினெட்டைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் கேபினெட் முழுக்க கரண்ட் காத்திருக்கும், அடுத்துத் தொடுகிறவருக்காக.

கேள்வி (அதே நண்பர்): மின்னல் விழும்போது தரையோட வோல்டேஜே ஏறும்னு படிச்சிருக்கேனே. அது பொய்யா?

பதில்: உண்மைதான். நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த இடத்துத் தரை சில ஆயிரம் வோல்ட்கூட ஏறும். ஆபத்து ஏறுவதில் இல்லை, இரண்டு இடம் வெவ்வேறு அளவில் ஏறுவதில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், மாடியிலிருந்து இறங்கும் இன்டர்நெட் கேபிளுக்கு வேறு எர்த் என்றிருந்தால், அந்த வித்தியாசம் முழுக்க நெட்வொர்க் போர்ட் வழியாக மதர்போர்டில் பாயும். எல்லா எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுவதுதான் வைத்தியம். எர்த்தை வெட்டினால் போர்ட் வழி அப்படியே திறந்துதான் இருக்கும்.

கேள்வி (வேறொருவர்): நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்லயும் டூ-பின்தான். கேபினெட் ஸ்குரூல டெஸ்டர் வெச்சா மங்கலா எரியுது. தொட்டா சுர்ருனு இருக்கு.

பதில்: எஸ்எம்பிஎஸ் வாசலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு ஆளுக்கொரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், மின் இரைச்சலை வடிகட்ட. எர்த் இல்லாதபோது கேபினெட் நடுவில் தொங்கும்: 230 வோல்ட் லைனில் சுமார் 115 வோல்ட். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எர்த் இல்லை என்பதற்கு அந்த டெஸ்டர் வெளிச்சமே சாட்சி. முந்தைய நண்பரும் டெஸ்டரை வைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: மின்னல் நேரத்துல ஸ்விட்சை அணைச்சா போதாதா?

பதில்: போதாது. மேகத்திலிருந்து தரைவரை காற்றைக் கிழித்து வருவதற்கு ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பிளக்கைப் பிடுங்குங்கள், நெட்வொர்க் கேபிளையும். தலைக்கு மேல் இடி ஆரம்பித்த பிறகு அல்ல, வானம் கறுக்கும்போதே.

கேள்வி: யுபிஎஸ் இருந்தாலும் பிடுங்கணுமா?

பதில்: ஆமாம். மேலே பாருங்கள்.

கேள்வி: விலை கூடின சர்ஜ் புரொடெக்டர் இருந்தா?

பதில்: இருந்தாலும்தான். நேரடி மின்னலைத் தாங்குகிற பெட்டி மேஜைக்கடியில் வைக்கும் அளவில் கிடையாது. எர்த்தைச் சரிபார்த்தீர்களா?

கேள்வி: திடீர்னு சில பல்பு பளிச்சுனு எரிஞ்சு போச்சு, சில பல்பு மங்கிடுச்சு. சர்ஜ் புரொடெக்டர் கருகிடுச்சு. ஏன்?

பதில்: இது சர்ஜ் இல்லை. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் ஏறும், இன்னொன்றில் இறங்கும்; 400 வோல்ட் பக்கம்கூடப் போகும். நொடிகளுக்கு மேல் அது நின்றால் எம்ஓவி எரியவே செய்யும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை இப்போதே கூப்பிடுங்கள். சரியான பிறகு, வோல்டேஜ் கூடினால் தானே துண்டிக்கும் கருவி ஒன்றை மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: லேப்டாப்தான் வெச்சிருக்கேன். எனக்கு இதெல்லாம் வேணுமா?

பதில்: யுபிஎஸ் வேண்டாம், பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அடாப்டருக்கு சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். தனி அடாப்டரில் ஓடும் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுப்பவரானால், வேலை முடிந்ததும் முறையாக எஜெக்ட் செய்து, இரண்டு கேபிளையும் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ஒரே சர்ஜில் அசலும் நகலும் சேர்ந்து போகும்.