காலையில் கண்ணாடி மாதிரி இருக்கிறது ஒன்டாரியோ ஏரி. பேடில்போர்டில் இறங்கலாமா?

கேள்வி: நாங்கள் டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். நானும் கணவரும் வல்வெட்டித்துறைப் பக்கம் கடலோரத்தில் வளர்ந்தவர்கள், இருவருக்கும் நன்றாக நீந்தத் தெரியும். இரண்டு கோடைகளாக மஸ்கோகாவில் ஒரு சின்ன ஏரியில் பேடில்போர்டு (நின்றபடி துடுப்புப் போடும் பலகை) ஓட்டிப் பழகினோம். இப்போது காற்றடைக்கும் போர்டு ஒன்று சொந்தமாக வாங்கியிருக்கிறோம். இங்கே ஏரிக்கரையில் இருக்கும் ப்ளஃபர்ஸ் பார்க்கில் காலை வேளையில் தண்ணீர் அசையாமல் இருக்கிறது. அங்கேயே இறங்கலாமா? என் கணவருக்கு விண்ட்சர்ஃபிங்கிலும் (பாய் பூட்டிய பலகையில் காற்றால் ஓடுவது) ஆசை. இதே போர்டில் பாயைப் பூட்டிப் பழக முடியுமா?

பதில்: இறங்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த அசையாத காலைகளில் சில, அந்த ஏரியிலேயே மோசமான காலைகள். எது எது என்று கரையில் நின்றே பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு இறங்குங்கள்.

ஸ்கார்பரோவின் கரை தென்கிழக்கைப் பார்த்தபடி கிடக்கிறது. பின்னால் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ப்ளஃப்ஸ் குன்றுகள், உயர்ந்த இடத்தில் 90 மீட்டர் வரை. வடமேற்கிலிருந்து காற்று வரும்போது அது குன்றின் தலைக்கு மேலே தாண்டிப் போய், கரையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளித்தான் தண்ணீரில் இறங்குகிறது. அடியில் நிற்கும் உங்களுக்குச் சட்டை கூட அசையாது. காற்று கரையிலிருந்து வெளியே போவதால் கரையோரத்தில் அலை எழும்பவும் இடமில்லை. ஆகவே தண்ணீர் பளபளவென்று இருக்கும். சில நூறு மீட்டர் துடுப்புப் போட்ட பிறகுதான் முதுகில் காற்று படும். அப்போதும் பயமாக இருக்காது, நன்றாக ஓடுகிறோம் என்றுதான் தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும்.

உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வல்வெட்டித்துறையின் கரை வடக்கைப் பார்த்தது. அங்கே வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வரும், மிதக்கிற எதையும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். ஸ்கார்பரோவில் அதே வாடை உங்களை ஏரிக்குள் தள்ளும். சின்ன வயதில் காற்றைப் பற்றி உடம்பில் ஏறிய கணக்கு இங்கே தலைகீழ். இங்கே மேற்கு, வடமேற்கு, வடக்கு மூன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். தென்கிழக்கும் தெற்கும் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும் காற்று. வெயில் ஏறிய கோடை நாட்களில் முற்பகலுக்கு மேல் ஏரியிலிருந்து நிலத்துக்கு ஒரு மெல்லிய காற்று கிளம்பும். ஆரம்பத்தில் பழக அது நல்ல துணை, தண்ணீரில் கொஞ்சம் சிற்றலை இருந்தாலும். கிழக்குக் காற்றும் உங்களைக் கரைக்குத்தான் தள்ளும், ஆனால் ஏரியின் நீளம் முழுவதும் அலையைச் சேர்த்துக்கொண்டு வரும். பலமாக வீசினால் கரையோரத்தில் போர்டோடு நிற்கவே முடியாது.

இறங்குவதற்கு முன் காலடித் தண்ணீரைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். தள்ளி நீர் கரும்பட்டைகளாகத் தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது. கரையை விட்டு விலகும் அலையின் முதுகுதான் நமக்குத் தெரியும், அதனால் வெள்ளை நுரை அங்கே இருப்பதைவிடக் குறைவாகவே கண்ணில் படும். மரினாவில் (படகுத்துறையில்) நிற்கும் படகுகளின் பாய்மர உச்சியில் இருக்கும் கொடிகளையும் ஒரு பார்வை பாருங்கள். அப்புறம், குன்றுக்கு அடியில் நிற்கும்போது வடமேற்கு வானம் உங்களுக்குத் தெரியாது. கோடை இடிமழை பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. ஆகவே ரேடார் படத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

வானிலை அறிக்கையில் ஒரு பொறி உண்டு. கனடா சுற்றுச்சூழல் துறை ஒன்டாரியோ ஏரிக்கென்று தனியாகக் கடல்சார் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் பலத்த காற்று எச்சரிக்கை 20 நாட்டில்தான் தொடங்கும். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். எச்சரிக்கை இல்லாத ஒரு நாளில் 18 நாட் காற்று தாராளமாக வீசலாம். அது படகுக்காரர்களின் அளவு, உங்களுடையது அல்ல. பழகும்வரை மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் இறங்குங்கள். 15 என்றால் கரைக்கு வரும் காற்றாக இருந்தால் மட்டும். 20 என்றால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சராசரி வேகத்தைவிட இடையிடையே வீசும் உச்ச வேகத்தைக் கணக்கில் எடுங்கள். பழகாதவர் நின்றபடி துடுப்புப் போட்டால், அமைதியான தண்ணீரிலேயே மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் போக முடியும். எதிர்க்காற்றில் அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நீந்தத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெதுவெதுப்பான தண்ணீரில் பழகிய நீச்சல். ஒன்டாரியோ ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீட்டர். பாக்கு நீரிணையை இதன் பக்கத்தில் வைத்தால் குளம் மாதிரி ஆழமற்றது. அவ்வளவு ஆழத்தில் கீழே இருக்கும் நீர் நடுக்கோடையிலும் 4 பாகையை ஒட்டித்தான் இருக்கும். மே மாத விக்டோரியா தின விடுமுறையில் வெயில் 25 பாகை காயும், தண்ணீரோ ஒற்றை இலக்கத்தில் இருக்கும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது ஜூலை, ஆகஸ்டில் நடப்பது. மேற்குக் காற்று ஓரிரு நாள் பலமாக அடித்தால், பூமி சுழல்வதால் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகும், அதாவது நம் வடகரையை விட்டுத் தெற்கே போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலேறும். நேற்று 20 பாகையில் குளித்த அதே கடற்கரையில் இன்று 10 பாகைக்கும் கீழே இருக்கலாம். வெளியில் வெயில் அப்படியே கொளுத்தும்.

குளிர்நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் ஒரு எளிய கணக்காகச் சொல்லியிருக்கிறார்: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது, அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், போர்டில் ஏறுவதை அதற்குள் முடிக்க வேண்டும். உடம்பு உறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். குளிர்நீரில் இறப்பவர்கள் பலர் அந்தக் கடைசிக் கட்டம் வரை போவதே இல்லை, முதல் இரண்டிலேயே முடிந்துவிடுகிறது. நன்றாக நீந்துபவருக்கும் முதல் நிமிடத்தில் அந்த மூச்சுத்திணறல் வரும். தண்ணீர் 15 பாகைக்குக் கீழே என்றால் கனமான வெட்சூட் (குளிர்நீருக்கான ரப்பர் உடுப்பு) இல்லாமல் இறங்காதீர்கள். உடுப்பைத் தண்ணீரின் குளிருக்குத் தகுந்தபடி போடுங்கள், வெயிலைப் பார்த்து அல்ல.

இனி, கட்டாயமான இரண்டு பொருட்கள். ஒன்று லீஷ், அதாவது போர்டை உங்களோடு கட்டி வைக்கும் கயிறு. காற்றடைத்த போர்டு 15 சென்டிமீட்டர் தடிமன், எடை குறைவு. நீங்கள் விழுந்த நொடியில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும், நீந்திப் பிடிக்க முடியாது. பெரிய நீர்ப்பரப்பில் உங்களுக்கு முதல் மிதவை அந்தப் போர்டுதான். ஆகவே ஏரிக்குச் சுருள் லீஷை கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழேயோ மாட்டுங்கள். ஓடும் ஆற்றுக்கு மட்டும் விதி வேறு. அங்கே கால் லீஷ் எதிலாவது சிக்கி ஆளை அமுக்கிவிடும் என்பதால், இழுத்தால் கழன்றுவிடும் இடுப்பு லீஷ் போடுவார்கள்.

இரண்டாவது லைஃப் ஜாக்கெட். சட்டப்படி போர்டில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், ஒலியெழுப்ப ஒரு விசிலும் வேண்டும். சிலர் அதைப் போர்டின் முன்பக்க ரப்பர் கயிற்றில் செருகி வைக்கிறார்கள். சட்டத்துக்குக் காட்ட அது உதவலாம், விழுந்தவருக்கு உதவாது. இடுப்பில் பை மாதிரி கட்டி, இழுத்தால் ஊதும் வகையும் விற்கிறது, 16 வயது ஆனவர்களுக்கு அதற்கு அனுமதி உண்டு. ஆனால் மூச்சு திணறும் அந்த முதல் நிமிடத்தில் கயிற்றைத் தேடி இழுத்து, ஊதியதைத் தலை வழியே மாட்ட வேண்டும். தோள்பக்கம் அகலமாக வெட்டிய சாதாரண ஃபோம் ஜாக்கெட்டைத்தான் நான் சொல்வேன். போனை நீர்புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், பையில் வேண்டாம்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் காற்று பிடித்துவிட்டால்? நிற்காதீர்கள். நிற்கும் உடம்பே ஒரு பாய். முட்டி போட்டுத் துடுப்பைக் குட்டையாகப் பிடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கு அடியில் வைத்துக் கைகளால் வலியுங்கள். புறப்பட்ட இடத்துக்கே போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், காற்றைக் குறுக்கே வெட்டி எட்டும் கரைக்குப் போங்கள். ப்ளஃப்ஸில் இதற்கும் ஒரு தடை. குன்றின் அடியில் பல இடங்களில் ஏறி வெளியேற வழி கிடையாது, மண்ணும் சரியும். அதனால்தான் பழக அது நல்ல இடமில்லை என்கிறேன். கரை நெருங்கவே இல்லை என்றால் தாமதிக்காமல் 911. படகு ஏதாவது தெரிந்தால் கைகளை இரு பக்கமும் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். அது உதவி கேட்கும் சைகை. ஒரு கையை மட்டும் ஆட்டினால் பதிலுக்கு அவர்களும் ஆட்டிவிட்டுப் போவார்கள். என்ன ஆனாலும் போர்டை விட்டுவிட்டு நீந்தாதீர்கள்.

முதல் சில வாரங்களுக்கு பிக்கரிங்கில் இருக்கும் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பே போதும். அது ஏரியோடு ஒரு வாய்க்கால் வழியாக இணைந்த உப்பங்கழி மாதிரியான இடம், உப்பு மட்டும் இல்லை. காற்று தள்ளினாலும் ஏதோ ஒரு கரையில்தான் போய் ஒதுங்குவீர்கள். அந்த வாய்க்காலுக்குள் மட்டும் போகாதீர்கள், மோட்டார் படகுகள் வரும் வழி அது. பெருமழை பெய்த மறுநாள் எந்தக் கரையும் வேண்டாம், வடிகால் நீரெல்லாம் ஏரிக்குத்தான் வருகிறது.

விண்ட்சர்ஃபிங் கேள்விக்கு வருகிறேன். உங்கள் போர்டின் நடுவில் பாய்மரத்தைப் பூட்டத் திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது, ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும் வேலை இல்லை. இருந்தாலும், நடுவில், அடியில் நீருக்குள் நிற்கும் ஒரு துடுப்பிறகு இல்லாவிட்டால் போர்டு முன்னே போகாமல் காற்றின் போக்கில் பக்கவாட்டில் வழுக்கும். கற்றுக்கொள்பவர்கள் எப்படியும் காற்றோடு நழுவிக்கொண்டேதான் இருப்பார்கள், இதில் இரட்டிப்பாக நழுவுவார்கள். வகுப்பில் கொடுக்கும் போர்டில், நடுவே இறக்கி ஏற்றும் பலகை இருக்கும். 4, 5 சதுர மீட்டர் பாய் போதும், பெரிய பாய் ஆரம்பத்தில் முதுகைத்தான் உடைக்கும். முதலில் வகுப்பு, பிறகு வாங்குவது.

இடம் என்றால் டொரொண்டோவின் செர்ரி பீச். எதிரே லெஸ்லி தெரு நீட்டம் என்ற நிலநாக்கு ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீண்டு அலையை உடைத்துவிடுகிறது, காற்றை விட்டுவிடுகிறது. நகருக்குள் பாய் பழக இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அவருக்கு மணிக்கு 12 முதல் 20 கிலோமீட்டர் காற்று வேண்டும், கரையை ஒட்டியோ கரைக்குச் சாய்ந்தோ வீச வேண்டும். அதாவது அவருக்கு நல்ல நாள் உங்களுக்குப் பெரும்பாலும் கெட்ட நாள். ஒருவர் தண்ணீரில், ஒருவர் கரையில் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. நடுவில் ஏதாவது உடைந்தால் அவர் பாயைச் சுருட்டிப் போர்டின் மேல் கிடத்தி, படுத்து வலித்து வரலாம். அதுவும் இழுபட்டால் பாயைக் கைவிடலாம், போர்டை ஒருபோதும் கூடாது.

இன்னொன்று. அழியாத மார்க்கரில் போர்டின் மேல் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வையுங்கள். ஆளில்லாத போர்டு ஒன்று ஏரியில் மிதந்தால், ஆள் மூழ்கிவிட்டதாக நினைத்துத் தேடத் தொடங்குவார்கள். நம்பர் இருந்தால் ஒரு போன் அழைப்பில் விஷயம் தெரிந்துவிடும். போர்டு மட்டும் அடித்துக்கொண்டு போய் நீங்கள் பத்திரமாகக் கரையேறியிருந்தால், நீங்களே முந்திக்கொண்டு தகவல் சொல்லிவிடுங்கள்.