தலை ஆவணி அவிட்டம்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: வைகாசியில் பையனுக்குப் பூணூல் போட்டோம். இது அவனுக்குத் தலை ஆவணி அவிட்டம், அதாவது பூணூல் போட்டபின் வரும் முதல் ஆவணி அவிட்டம். நாங்கள் சாமவேதம். மண்டபம், வாத்தியார், ஹோமம், சாப்பாடு என்று ஒருவர் பேக்கேஜ் சொல்கிறார். பௌர்ணமியன்றே எல்லோருக்கும் சேர்த்துச் செய்துவிடலாம் என்கிறார். பணம் கட்டலாமா? வீட்டில் என்ன பலகாரம் செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. பௌர்ணமி யஜுர்வேதிகளுக்கான நாள். ரிக்வேதிகளுக்குத் திருவோணம். உங்களுக்கு ஹஸ்த நட்சத்திரம். அது பெரும்பாலும் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி வரும். 2025-இல் யஜுர் உபாகர்மா (ஆவணி அவிட்டத்தின் சாஸ்திரப் பெயர்) ஆகஸ்ட் 9, சாம உபாகர்மா ஆகஸ்ட் 26. நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி! அந்த மண்டபத்தில் மைக்கில் சொல்லப்போவது யஜுர்வேதிகளின் சங்கல்பமும் காண்டரிஷி தர்ப்பணமும் (அவர்கள் வேதத்தின் ரிஷிகளுக்கு நீர் விடுவது). உங்கள் பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்? தலையை எண்ணிக் காசு வாங்குகிறவர்கள் வேதம் என்ன என்று கேட்பதே இல்லை. கேட்டால் ஆளுக்கொரு நாள் மண்டபம் பிடிக்க வேண்டுமே!

இன்னொன்று. தலை ஆவணி அவிட்டத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அந்தச் சமயத்தில் குரு மௌட்யமோ சுக்ர மௌட்யமோ (அந்தக் கிரகம் சூரியனை நெருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலம்) இருந்தால் முதல் உபாகர்மாவைச் செய்வதில்லை, தள்ளிப் போடுவார்கள். இது பையனுக்கு மட்டும்தான். அவன் அப்பா, தாத்தா, முன்பே ஒரு தடவை செய்துவிட்ட அண்ணன் எல்லோரும் வழக்கம்போல் அன்றே பூணூல் மாற்றிக்கொள்ளலாம். 'வீட்டில் மற்றவர்கள் செய்கிறார்களே, இவனும் செய்யட்டும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஆத்து வாத்தியாரிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள். நாளையும் தட்சிணையையும் அவரிடமே நேரில் பேசிவிடுங்கள். நடுவில் ஆள் நுழைந்தால் வாத்தியார் கைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். வருஷா வருஷம் இதைப் பார்த்து மனசு வெறுத்துப் போகிறது.

பலகாரத்துக்குக் கேட்டரிங் எதற்கு? அப்பமும் கொண்டைக்கடலைச் சுண்டலும் முக்கியம். வடை, பாயசம் உங்கள் வசதிப்படி. ஒரு கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முக்கால் கப் வெல்லம், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தேங்காய், ஏலக்காய் சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் அரையுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஆறவைத்து ஊற்றுங்கள், வெல்லத்தில் மண் இருக்கும். வெல்லம் மிஞ்சினால் அப்பம் எண்ணெயில் பிரிந்து போகும். ஒரு கரண்டி கோதுமை மாவு கலந்தால் சரியாகிவிடும். தீ நிதானமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியே கறுத்து உள்ளே மாவாகவே நிற்கும்.

கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள். வெங்காயம், பூண்டு கூடாது.

எல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிடும். சின்னப் பையன், பட்டினி போடாதீர்கள். காலையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும் கொடுத்துவிட்டே உட்கார வையுங்கள்.