சானெட் என்றால் என்ன? எத்தனை வகை?

14 வரியில், ஒரே சீரான சந்தத்தில், வரி முடிவுகள் ஒலியால் இணைந்து வரும் கவிதைதான் சானெட். இணைவது வரியின் கடைசியில், நம் யாப்பில் இயைபு என்போமே, அது. 13ஆம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் பிறந்தது; பெயருக்கு இத்தாலியத்தில் 'சின்னப் பாட்டு' என்று பொருள்.

இதன் உயிர் இடையில் வரும் திருப்பம். வீட்டில் ஒருவரைப் பற்றி நீளமாகக் குறை சொல்லிவிட்டு, 'ஆனாலும்...' என்று இழுப்போம் இல்லையா, அதேதான்.

கவிஞர் பெத்ரார்க் எழுதிய இத்தாலிய வகையில் 8 வரிக்குப் பிறகு திருப்பம். அந்த 8 வரிக்கும் இரண்டே இயைபு, அதாவது ஓர் ஒலிக்கு நான்கு சொல் வேண்டும். பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடியும் இத்தாலியத்தில் அது எளிது. ஆங்கிலத்தில் திண்டாட்டம். அதனால் அங்கே ஓர் ஒலிக்கு இரண்டு சொல் போதும் என்று தளர்த்தி, நாலு நாலாக 12 வரி, கடைசியில் ஓர் ஈரடி என்று மாற்றிக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் 1609இல் அச்சாயின; பின்னாளில் அவர் பெயரே அந்த வகைக்கு நிலைத்தது. 130ஆவதைப் பாருங்கள்: காதலியின் கண் சூரியன் இல்லை, உதடு பவளம் இல்லை என்று 12 வரி. அப்புறம் 'ஆனாலும்' என்றே தொடங்கி, பொய் உவமை பெற்ற எவளுக்கும் இவள் குறைந்தவள் இல்லை என்று முடிக்கிறார். எனக்குப் பிடித்த திருப்பம் இது. ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சர் பெயரில் ஒரு வகையும் உண்டு. அதில் ஒரு நாலடியின் ஒலி அடுத்ததில் தொடரும்.

சானெட் என்றாலே காதல் கவிதை என்று நினைக்க வேண்டாம்; ஆங்கிலக் கவிஞர் மில்டன் தன் பார்வை போனதைப் பற்றி எழுதியதும் சானெட்தான்.