கேம் கணக்கை ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது?

கேள்வி: கோட்டையூரில் வீட்டிலேயே மனகோலம், தேன்குழல், சீடை போட்டு விற்கிறேன். வாடிக்கையாளர் பணம் என் போனுக்கு யுபிஐயில் வரும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் அதே போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறான். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் மூன்று மாதத்தில் 11,400 ரூபாய் கேமுக்குப் போயிருக்கிறது. கேட்டால், "செலவில்லை ஆத்தா, கணக்கோட மதிப்பு ஏறுது, வித்தா முப்பதாயிரம் வரும்" என்கிறான். அவன் சொல்வது சரியா? பணம் திரும்ப வருமா?

பதில்: ஆச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூகுள் ப்ளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்கலாம். நேற்றோ இன்றோ வாங்கியது இருந்தால் ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து, வீட்டுப் பிள்ளை கேட்காமல் வாங்கியது என்று காரணம் குறித்து அனுப்புங்கள். அதற்கு முந்தையதைக் கேம் நிறுவனத்திடம்தான் கேட்கவேண்டும். வாங்கிய யூசியை (கேமுக்குள் செல்லும் காசு) செலவழித்தாயிற்று என்றால் அதை எதிர்பார்க்க வேண்டாம். பின் நம்பர் போட்டுப் போன பணத்தை மோசடி என்று வங்கியில் எழுதிக்கொடுத்தாலும் நிற்காது.

அடுத்து, அந்த முப்பதாயிரம். ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் கணக்கு) எடுத்தால் இது சொத்துப் பக்கம் வரவே வராது. பிஜிஎம்ஐ கணக்கை விற்பதை அதன் விதிகளே தடுக்கின்றன. விற்பது தெரிந்தால் கணக்கை முடக்கலாம். மறைவாக விற்பவர்களிடம் ஏமாற்று அதிகம்: பணம் தருவதாகச் சொல்லி லாகினை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். ஸ்கின்னை (ஆயுதத்துக்குப் போடும் அலங்காரத் தோற்றம்) அதிகாரபூர்வமாகவே விற்க முடிகிற கவுன்ட்டர் ஸ்டிரைக் என்ற கேமில்கூட, ஸ்டீம் என்ற கேம் தளத்தின் சந்தை 15 சதவீதம் பிடித்துக்கொள்ளும். மீதிப் பணமும் ஸ்டீம் வாலட்டிலேயே கிடக்கும், வங்கிக்கு வராது. 2025 அக்டோபரில் அந்தக் கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு விதியை மாற்றியதும் விலையுயர்ந்த கத்தி ஸ்கின்களின் விலை சரிந்தது. ஒரு நிறுவனம் நினைத்த நேரத்தில் மதிப்பை மாற்றிவிடக்கூடிய பொருளை நம்பி யாரும் வட்டிக்குக்கூடப் பணம் தரமாட்டார்கள்.

காசு எங்கே போகிறது என்று மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற அடிநிலை முதல் கான்கரர் என்ற உச்சநிலை வரையிலான ரேங்க், ஆடி ஏறுவது, பணம் வேண்டாம். ஆனால் சீசன் மாறினால் ரேங்க் கீழே இறங்கிவிடும், மறுபடி ஏறவேண்டும். துப்பாக்கி ஸ்கின்னை லெவல் லெவலாக ஏற்றினாலும் பிஜிஎம்ஐயில் குண்டின் பலம் கூடாது. தோற்றமும், எதிரியைச் சுட்டதும் வரும் அறிவிப்பும்தான் மாறும். (ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு கேமில் கதை வேறு. அங்கே துப்பாக்கி ஸ்கின் சுடும் வேகம், சேதம் போன்றவற்றை மாற்றும். பையன்கள் இரண்டையும் குழப்பிப் பேசுவார்கள்.)

பெரிய ஓட்டை, காசு போட்டு என்ன விழும் என்று தெரியாமல் திறக்கும் கிரேட் பெட்டியும், சுற்றிவிடும் லக்கி ஸ்பின்னும்தான். அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேமுக்குள்ளேயே போட்டிருப்பார்கள், பார்க்கச் சொல்லுங்கள். 1 சதவீதம் என்றால் நூறு தடவை திறந்தால் கட்டாயம் விழும் என்று நினைக்கிறான். கணக்குப்படி, நூறு தடவை திறந்த நூறு பேரில் சுமார் 37 பேருக்கு அந்தப் பொருள் கிடைத்திருக்காது. ஏற்கெனவே போட்ட காசு வீணாகிவிடுமே என்றுதான் 101ஆவது தடவையும் திறக்கிறான்.

யூசியை 60, 325, 660, 1800 என்று கட்டுக் கட்டாக விற்பதிலும் ஒரு சங்கதி உண்டு. 360 யூசி பொருளுக்கு 325 போதாது. இன்னொரு 60 வாங்கினால் 25 மிஞ்சும். அந்த 25ஐ வீணாக்க மனசு வராமல் அடுத்த கட்டு வாங்குவான். பெரிய கட்டில் போனஸ் கூடும் என்பது உண்மைதான். 8100 கட்டில் 2100 போனஸ். அதற்காக ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் போட்டு வைப்பது வியாபாரமா?

ராயல் பாஸ் (சீசன் முழுக்கப் படிப்படியாகக் கூடுதல் பரிசு தரும் சீட்டு) ஒன்றைத்தான் நான் ஒதுக்கமாட்டேன். அதை சீசன் தொடக்கத்தில் வாங்கக்கூடாது. இலவசப் பாதையில் மிஷன்களை முடித்துப் படி ஏறட்டும். சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது எந்தப் படியில் நிற்கிறான் என்று பாருங்கள். அப்போது வாங்கினாலும் தாண்டிவந்த படிகளின் பரிசெல்லாம் மொத்தமாக வந்துவிடும். பாதிகூட ஏறவில்லையென்றால் வாங்காமலே விட்டுவிடலாம். முன்கூட்டி வாங்கியவன் போட்ட காசை எடுக்கவேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஆடுவான், பத்தாம் வகுப்பில் அது வேறு செலவு.

இன்றைக்கே யுபிஐ பின்னை மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரின் பேமெண்ட் முறைகளிலிருந்து பலகார வரவுக் கணக்கை நீக்குங்கள். ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள், மாதச் சந்தா ஏதாவது இருந்தால் ரத்து செய்யுங்கள். கேமில் மகனின் வயது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் தினசரி விளையாட்டு நேரத்துக்கும் செலவுக்கும் வரம்பு உண்டு. ஆனால் 2021இல் கேம் வந்தபோது அந்தச் செலவு வரம்பு நாளுக்கு 7,000 ரூபாய்! அதை நம்பி இருக்காதீர்கள்.

அடியோடு நிறுத்தினால் திருட்டுத்தனம்தான் வளரும். மாதம் 300 ரூபாய்க்குக் கூகுள் ப்ளே ரீசார்ஜ் கோடு வாங்கிக் கொடுங்கள். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். இப்போது மாதம் 3,800 போகிறது. மீதி 3,500ஐ அஞ்சலக ஆர்.டி.யில் போட்டால், 6.7 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் கட்டிய 2,10,000 ஏறக்குறைய 2.5 லட்சமாகும். பத்து வயது தாண்டியவர் தன் பெயரிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கலாம், அவனையே அஞ்சலகத்துக்குக் கூட்டிப்போங்கள்.