வட்டம் என்றால் குளம், அப்புறம்?

கேள்வி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியம் ஒன்றை இங்கே ஒரு நினைவுப்பொருள் கடையில் வாங்கினேன். குறியீடுகளுக்குப் பொருள் சொல்லும் அட்டையும் கூடவே தந்தார்கள். வட்டத்துக்குள் வட்டம் நீர்நிலை, லாட வடிவம் உட்கார்ந்திருக்கும் ஆள், மூன்று கோடு ஈமு பறவையின் கால்தடம். அட்டையை வைத்துப் படித்தால், இரண்டு பேர் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு ஈமு போகிறது. இதில் என்ன பெரிய கதை? விமரிசகர்கள் ஏற்றிவிட்டதுதானே?
- ஒரு வாசகர், சிட்னி

பதில்: அட்டை பொய் சொல்லவில்லை. மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் எழுந்துபோனால் மிஞ்சும் தடம்தான் அந்த லாட வடிவம். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் விரலால் மணலில் வரைந்துகொண்டே கதை சொல்வது வழக்கம். ஆனால் அதே வட்டம் ஓர் ஓவியத்தில் சுனை, இன்னொன்றில் முகாம், வேறொன்றில் மூட்டிய தீ. எது என்று வட்டம் சொல்லாது, வரைந்தவர்தான் சொல்லவேண்டும். யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு அவருக்கும் கட்டுப்பாடு உண்டு. அரிச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு காவியம் எங்கே என்று தேடுகிறீர்கள்.

இந்தப் புள்ளிகளின் பூர்வகதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டரில் பாப்புன்யா என்ற குடியிருப்பு. 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் கொடுத்த ஊக்கத்தில், அங்கிருந்த பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பு மூதாதையின் கதையை வரைந்தார்கள். (மூதாதை என்றால் தாத்தா பாட்டி அல்ல. ஆதியில் விலங்காகவும் மனிதராகவும் நடந்து, நிலத்தை உருவாக்கியதாக அவர்கள் நம்பும் முன்னோர்.) (சில ஆண்டுகளில் அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். அதிகாரிகளின் ரசனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.) 1972இல் ஓவியர்கள் சொந்த நிறுவனமே தொடங்கினார்கள். ஆனால் ஆரம்பகாலப் பலகை ஓவியங்கள் சிலவற்றில், தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே பார்க்கவேண்டிய சடங்குப் பொருள்கள் அப்படியே இருந்தன. அவை விற்பனைக்கு வந்ததும் மற்றக் குழுவினர் கொதித்தெழுந்தார்கள். அதன்பின் ஓவியர்கள் சிலவற்றை வரைவதையே நிறுத்தினார்கள், சிலவற்றின்மேல் புள்ளிகளைப் பரப்பினார்கள். வெளியாளுக்குப் புரியக்கூடாது என்றே வைத்த புள்ளியைப் பார்த்து, ஒன்றும் புரியவில்லை என்கிறீர்கள். வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது!

சொல்ல அனுமதியுள்ள கதையே போதுமான அளவு இருக்கிறது. பாப்புன்யா ஓவியர்களில் ஒருவரான கிளிஃபோர்ட் பொசம் ஜாபல்ஜாரி 1977இல் வரைந்த ‘வார்லுகுலாங்’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லுங்கட்டா என்பவன் நீலநாக்கு அரணை வடிவான மூதாதை. அவனுடைய மகன்கள் இருவர் வேட்டையாடிய கங்காருவை அப்பனுக்குப் பங்கு வைக்காமல் தின்றுவிட்டார்கள். கோபத்தில் அவன் தீ மூட்டினான். தீ அவர்களைத் துரத்திக் கொன்றது. ஓவியத்தின் நடுவே அந்தத் தீ வெடித்துப் பரவுகிறது, ஒரு பக்கம் இரண்டு எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. ஈமு முதலிய வேறு மூதாதையர் நடந்துபோன வழிகளும் அதே துணியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எல்லாம் நிஜமான நிலத்தில் இருக்கும் வழிகள். கையில் தூரிகை இருக்கிறது என்பதற்காக யாரும் இவற்றை வரைந்துவிட முடியாது. அந்த இடத்தோடும் அந்தக் கதையோடும் பிறப்பால், உறவால் உரிமை இருக்கவேண்டும்.

அந்த உரிமை அரசாங்கத்தின் முன்னாலும் எடுபட்டது. 1997இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவன மக்கள், எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் துணியில் தங்கள் சுனைகளையும் மணற்குன்றுகளையும் வரைந்து, பூர்வகுடி நில உரிமை ஆணையத்தின் முன் விரித்தார்கள். ஒவ்வொருவரும் தம் சுனை இருக்கும் இடத்தில் ஏறி நின்று, தம் மொழியிலேயே பேசினார்கள். 2007இல் அவர்களின் நில உரிமை அங்கீகரிக்கப்பட்டது. விமரிசகர் ஏற்றிவிட்டதற்கெல்லாம் நிலம் கிடைக்குமா?

ஏற்றிவிட்டது என்று விலையைச் சொல்கிறீர்கள் என்றால், ஒப்புக்கொள்ள இடமுண்டு. ‘வார்லுகுலாங்’கை ஒரு வங்கி 1,200 டாலருக்கு வாங்கி, பல ஆண்டுகள் ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில் மாட்டிவைத்திருந்தது. 2007இல் அது 24 லட்சம் டாலருக்கு ஏலம் போய், தேசிய கலைக்கூடத்துக்குச் சேர்ந்தது. வரைந்தவர் 2002லேயே போய்விட்டார். மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் என்ற சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முந்திய கூத்து ஒன்று: 1966இல் வெளிவந்த ஒரு டாலர் நோட்டில் மரப்பட்டை ஓவியர் டேவிட் மலாங்கியின் படைப்பைக் கேட்காமலே எடுத்துப் போட்டார்கள். விஷயம் வெளியே வந்தபின் அவருக்குக் கிடைத்தவை 1,000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிக் கருவிகள். அந்தப் படத்தில் இருந்ததும் பாம்பு கடித்து இறந்த மூதாதை வேடன் ஒருவனின் ஈமச்சடங்கு. நோட்டு அச்சடித்தவர்கள் அதை அழகான கோட்டுவேலை என்று நினைத்திருப்பார்கள்.

இனி உங்கள் ஓவியம். முதலில் பின்பக்கம் பாருங்கள். வரைந்தவர் பெயர், அவருடைய ஊர், கலைமையத்தின் சான்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்த மையத்துக்கு எழுதுங்கள், வெளியாளுக்குச் சொல்லக்கூடியதைச் சொல்வார்கள். பெயரே இல்லாமல் அட்டை மட்டும் வந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிகள் செய்தவை என்ற தோற்றத்தில் விற்ற ஒரு நிறுவனத்துக்கு, 2019இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டிருக்கிறது. உங்களுடையதும் அந்த ரகமாக இருந்தால், கதை இல்லை என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.