முதல் செமஸ்டரிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீங்களும் மகளும் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது அவள் போன் பேச வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள். "மேடம், உண்மையைச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் இவளுக்கு வருமா? இல்ல, இப்பவே வேற டிபார்ட்மென்டுக்கு மாத்திடலாமா?" அதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டதால் "கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். அது பதில் ஆகாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மகளிடம் நான் ஒன்பது கேள்வி கேட்டேன். ஆறுக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். அவள் வாயைத் திறந்தது மூன்றே மூன்று முறை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மூன்றில்தான் கிடைத்தது.

லேபில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். பக்கத்து பெஞ்ச் பையன்கள் ஆசிரியர் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி புரோகிராம் அடித்துவிடுகிறார்கள், தான் மட்டும் இரண்டு மணி நேரமும் எரரோடு மல்லுக்கட்டுகிறேன் என்றாள். "அவங்களுக்கு அது தானா வருது மேடம். எனக்கு வரல." கடைசியாக எந்த புரோகிராமில் மாட்டினாய், காட்டு என்றேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நீங்கள் அப்போது எனக்கு அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

கொடுத்த எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் புரோகிராம் அது. நோட்டில் முயற்சி 1, முயற்சி 2 என்று எண் போட்டு, என்ன மாற்றினாள், என்ன வந்தது என்று எழுதி வைத்திருந்தாள். நான்காவதுக்குக் கீழே இப்படி இருந்தது: "7 சரி. 9 சரி. 1 கொடுத்தால் பகா எண் என்கிறது. அப்படியென்றால் லூப்பில் தப்பில்லை, 1-க்கு அது லூப்புக்குள் போகவே இல்லை." லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி; 1 பகா எண் கிடையாது. அதற்குக் கீழே தீர்வு, ஒரே வரி. சரி, பக்கத்து பெஞ்ச் பையனின் புரோகிராம் 1-க்கு என்ன சொல்லும் என்று கேட்டேன். "அவன் 1 போட்டே பாக்கல மேடம்."

அம்மா, சாஃப்ட்வேர் வேலை என்று வெளியே எதைச் சொல்கிறார்களோ, அதில் பெரும்பகுதி இதுதான். எழுதுவது கொஞ்ச நேரம். எங்கே உடைகிறது என்று தேடி, காரணத்தை ஒவ்வொன்றாகக் கழித்து, கண்டுபிடித்ததை எழுதி வைப்பதுதான் மீதி நாள் முழுக்க. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 என்ற கணிப்பொறி தகராறு செய்தபோது, அதன் ரிலே என்ற மின் சுவிட்ச் ஒன்றில் மாட்டியிருந்த ஒரு பூச்சியை எடுத்துப் பதிவேட்டிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். கணிப்பொறித் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கிரேஸ் ஹாப்பர் வேலை செய்த குழு அது. கோளாறுக்கு 'பக்', அதாவது பூச்சி, என்ற பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததால், "பக் ஒன்று நிஜமாகவே பிடிபட்ட முதல் நிகழ்வு" என்று கிண்டலாகக் குறிப்பும் எழுதினார்கள். உங்கள் மகளின் நோட்டைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அப்படியானால் அந்தப் பையன்கள் ஏன் வேகமாக அடிக்கிறார்கள்? பெரும்பாலும், முன்னாடியே அடித்துப் பழகியவர்கள் என்பதால்தான். இது என் ஊகம் இல்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் நடுவில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இருவர் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களை உட்காரவைத்து விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். பையன்களில் பலர் சிறு வயதிலிருந்தே கம்ப்யூட்டரை நோண்டி, விளையாடி, கழற்றிப் பூட்டி வந்தவர்கள். பெண்களில் பலர் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தும், முதல் வகுப்பில் பக்கத்தில் இருப்பவனின் வேகத்தைப் பார்த்ததும் "இது எனக்கான இடம் இல்லை" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்கள். அவன் மூன்று வருடம் முன்னால் புறப்பட்டவன் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முன் அனுபவம் இல்லாமல் வந்தவர்களும் படிப்பு முடிவதற்குள் எட்டிப் பிடித்துவிட முடிகிறது என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள்.

அங்கே 1995-ல் இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் பெண்கள் 100-க்கு 7 பேர். 2000-ல் 42 பேர். பாடத்தை எளிமையாக்கி இதைச் செய்யவில்லை. ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்களுக்கு ஒரு நுழைவு வகுப்பு, தெரியாதவர்களுக்கு வேறொன்று என்று பிரித்தார்கள். சேர்க்கையில் "முன்பே புரோகிராம் எழுதியிருக்கிறாயா" என்பதற்குக் கொடுத்துவந்த முக்கியத்துவத்தையும் குறைத்தார்கள். ஹார்வி மட் என்ற இன்னொரு கல்லூரியும், 2006-ல் மரியா க்லாவே தலைவராக வந்த காலத்தை ஒட்டி, முதல் பாடத்தை இதே போல் இரண்டாகப் பிரித்தது. வகுப்பில் எல்லாம் தெரிந்தவர் போல வளவளவென்று பேசி மற்றவர்களை மிரட்டும் மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் ஆர்வம் நல்லது, அதை என்னிடம் தனியாக வந்து பேசு" என்று ஆசிரியர்கள் பக்குவமாகச் சொன்னார்களாம். எனக்கு ரொம்பப் பிடித்த உத்தி இது. எல்லா லேபிலும் அப்படி ஒரு பையன் இருக்கிறான்.

இப்போது உங்கள் மகள் வாயைத் திறந்த மூன்றாவது இடம். வீட்டில் எங்கே பயிற்சி செய்கிறாய் என்று கேட்டேன். "லேப்டாப் அண்ணன் ரூம்ல இருக்கு. அவன் தூங்கினப்புறம் எடுத்துப்பேன்." நீங்கள் உடனே, "கேட்டா தர மாட்டானா என்ன, இவதான் கேக்க மாட்டா" என்றீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருத்தர் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, இன்னொருத்தர் கேட்க வேண்டியதே இல்லை என்பதுதானே விஷயம்? மார்கோலிஸ் எடுத்த பேட்டிகளிலும் இதே கதை வருகிறது. குடும்பத்துக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் மகனின் அறையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1984 வாக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 100-க்கு 37 பேர் பெண்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விற்கத் தொடங்கிய காலம் அது. அடுத்த இருபது, இருபத்தைந்து வருடத்தில் அந்த எண் 20-க்கும் கீழே போய்விட்டது. அந்த ஒரு காரணம் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைவெளியில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை என்பது நிச்சயம்.

உங்கள் தம்பி "இது ஆம்பிளைங்க ஃபீல்டு" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அவருக்கு எனியாக் கதையைச் சொல்லுங்கள். 1946-ல் உலகத்துக்குக் காட்டப்பட்ட அந்த ராட்சத எலெக்ட்ரானிக் கணிப்பொறிக்கு முதன்முதலில் புரோகிராம் அமைத்த ஆறு பேரும் பெண்கள். அவர்கள் கையில் வழிகாட்டி நூல் கிடையாது. தொடக்கத்தில் இயந்திரம் இருக்கும் அறைக்குள் போகவே அனுமதி இல்லை. வயரிங் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, இது எப்படி வேலை செய்கிறது என்று தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். இந்தக் கதை தம்பியின் வாயை அடைக்க உதவும். உங்கள் மகளுக்கு இது பெரிதாக உதவாது. சாதித்த பெண்களின் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் கூட்டங்களில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். முதல் செமஸ்டர் பெண்ணுக்கு வேண்டியது அவளைவிட இரண்டு வருடம் மூத்த ஒரு அக்கா. "எனக்கும் பாயின்டர் புரியல, மூணு வாரம் அழுதேன், அப்புறம் இப்படிப் படிச்சேன்" என்று சொல்ல ஒருத்தி. அவளுடைய கல்லூரியிலேயே அப்படி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பதுதான் உங்கள் அடுத்த பயம். இதில் பூசி மெழுகமாட்டேன். கூட்டத்தில் அவள் சொன்னபோது யாரும் கவனிக்காத யோசனையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொருத்தன் சொன்னால் பாராட்டு கிடைக்கும். குழந்தை பிறந்து ஒரு வருடம் விலகியிருந்துவிட்டுத் திரும்பினால், பழைய இடம் அப்படியே காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்னொன்றும் நடக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. "நீ நல்லா பேசுறியே, கோடிங் எதுக்கு, ஒருங்கிணைக்கிற வேலைக்கு வந்துடு" என்று பாராட்டுகிற மாதிரியே ஒதுக்குவார்கள். அந்த வேலை அவளுக்குப் பிடித்தால் தாராளமாகப் போகட்டும், நல்ல வேலைதான். டெஸ்டிங், டேட்டா, நெட்வொர்க், சைபர் செக்யூரிட்டி, வடிவமைப்பு என்று இந்தத் துறைக்குள் ஐம்பது வழி இருக்கிறது. ஆனால் அவளாகப் போகவேண்டும், யாரும் நகர்த்தி விடக்கூடாது. முதல் மூன்று நான்கு வருடமாவது இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வேன். அந்த அடித்தளம் இருந்தால் இடைவெளி விட்டாலும் திரும்பி நுழைவது சுலபம்.

இந்தக் குறையெல்லாம் தெரிந்தே ஒருத்தர் ஒரு கம்பெனி நடத்திக் காட்டினார். ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1962-ல் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் தொடங்கி, குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். முதல் 300 பேரில் ஆண்கள் மூவரே. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. வாடிக்கையாளர் போன் செய்யும்போது பின்னால் குழந்தை அழுவது கேட்கக்கூடாது என்று டைப்ரைட்டர் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிடுவார். பெண் பெயரில் கடிதம் எழுதினால் பதில் வரவில்லை என்று 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார், பதில் வந்தது! கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம் அந்த வீடுகளில்தான் எழுதப்பட்டது. உங்கள் மகள் ஸ்டீவ் ஆக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இன்டர்வியூவில் அவளும் கேள்வி கேட்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். குழுவில் எத்தனை பெண்கள், அவர்களில் மூத்த பொறுப்பில் எத்தனை பேர், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர் யாராவது இப்போது இங்கே இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால், அந்தத் தடுமாற்றமே பதில். சம்பளத்தை அவர்கள் சொல்லும் வரை காத்திருக்காமல், அந்த வேலைக்கு வழக்கமாக என்ன கொடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போகவேண்டும்.

ஏஐ வந்து எல்லா வேலையும் போய்விடுமாமே என்றும் கேட்டீர்கள். பத்து வருடம் கழித்து எது இருக்கும், எது இருக்காது என்று சத்தியம் செய்பவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. வரிவரியாக அடிக்கும் வேலையின் மதிப்பு குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் இயந்திரம் எழுதிக் கொடுத்ததை வாங்கி "1 கொடுத்தால் என்ன சொல்லும்?" என்று கேட்கிற ஆள் வேண்டும். ஜாய் புவோலம்வினி என்ற ஆராய்ச்சியாளர், விற்பனையில் இருந்த முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார். வெளுத்த நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு 0.8 சதவீதம். கறுத்த நிறப் பெண்களிடம் ஒரு மென்பொருளின் தவறு 34.7 சதவீதம் வரை போனது. பக்கத்து பெஞ்ச் பையன் 1 போட்டுப் பார்க்காத அதே கதைதான். இங்கே போட்டுப் பார்க்காமல் விட்டது நம்மைப் போன்றவர்களின் முகத்தை.

ஆகவே, டிபார்ட்மென்ட் மாற்றும் விண்ணப்பத்தை இப்போது கொடுக்க வேண்டாம். இரண்டாவது செமஸ்டர் முடியட்டும். அப்போதும் அவளே "எனக்கு இது பிடிக்கல" என்றால் மாற்றிவிடலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. "வரல" என்பதும் "பிடிக்கல" என்பதும் வேறு வேறு. இப்போது அவள் சொல்வது முதலாவது.

அதுவரை லேப்டாப் அவள் மேஜையில் இருக்கட்டும், அண்ணன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கண்ட சாஃப்ட்வேரையும் போட்டு அவள் அதைக் கெடுத்தாலும் திட்டாதீர்கள். கெடுத்துச் சரிசெய்கிற அந்த நேரத்தில்தான் அந்தப் பையன்கள் முந்தினார்கள். சாயங்காலம் வந்ததும் மார்க் கேட்காமல், இன்று என்ன எரர் வந்தது என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் புரியாது. பரவாயில்லை, புரியாதவருக்கு விளக்கிச் சொல்லும்போது பாதி எரர் தானே பிடிபடும்.

அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்களும் வாருங்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள், நானே வந்து கூப்பிடுகிறேன்.