புயலில் அறுந்த மின்கம்பி: இழப்பீடு கேட்க முடியாதா?

கேள்வி: கார்த்திகையில் அடித்த புயல் மழை ஓய்ந்த மறுநாள் காலை, வயலில் தேங்கிய தண்ணீரை வடியவிடப் போன என் கணவர், அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து இறந்துவிட்டார். “இது இயற்கைச் சீற்றம், நாங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள் கரன்ட் ஆபீஸில். அரசு நிவாரணம் வாங்கிவிட்டதால் வழக்கும் போட முடியாதாம். உண்மையா?

பதில்: இரண்டுமே சரியில்லை, சகோதரி. நிவாரணம் என்பது அரசு தரும் உதவித்தொகை. அதை வாங்கியதால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று யாராவது எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மத்தியப் பிரதேசத்தில் இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், மழைநீருக்குள் மறைந்து கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்தார். அந்த வழக்கில் (மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி, 2002) உச்ச நீதிமன்றம், மின்சாரம் போன்ற ஆபத்தான ஒன்றைக் கையாள்பவர், தம் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்டினாலும் இழப்பீடு தர வேண்டும் என்றது. உங்களுக்குப் பெரிய பலம் இந்தத் தீர்ப்பு.

எதிர்த்தரப்பு புயலைத்தான் காரணம் காட்டும். காற்று இயற்கைதான், ஆனால் அறுந்த கம்பியில் மறுநாள் காலை வரை கரன்ட் ஓடியது எப்படி? 2018 நவம்பரில் கஜா புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. அதைப் பார்த்த பிறகு, புயலில் கம்பி அறுவது யாரும் எதிர்பாராதது என்று வாதாடுவது கடினம்.

அதனால் ஆதாரத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு மின் ஆய்வாளரின் (மின் விபத்துகளை விசாரிக்கும் அரசு அதிகாரி) விசாரணை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அன்று அந்த லைனில் சப்ளை எப்போது நிறுத்தப்பட்டது, கம்பி தொய்ந்து கிடப்பதாக முன்பே புகார் வந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கம்பி கிடந்ததைப் பார்த்த பக்கத்து வயல்காரர்களின் சாட்சியமும் உதவும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் (சிவில் கோர்ட்) இழப்பீட்டு வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் அவகாசம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அரசு அமைப்புக்கு நேரடியாக உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாம், ஆனால் நடந்ததையே மின்வாரியம் மறுத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வாய்ப்புண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் இந்த வாரமே மனுக் கொடுங்கள்.